அம்மைத் தழும்பும் ஆயுட்காப்பும்

ஐம்பது வயதைக் கடந்த தமிழர் பலரின் கையில் வட்டமான ஒரு தழும்பைக் காணலாம். பெரியம்மையைத் தடுக்க அம்மை குத்திய அடையாளம் அது. இளமையில் ஒருமுறை குத்திக்கொண்டால் ஆயுள் முழுவதும் அச்சமில்லை என்றே நாம் எண்ணுகிறோம். இம்முறையை உலகறியச் செய்த எட்வர்டு ஜென்னரும் தமது 1798ஆம் ஆண்டு நூலில் அவ்வாறே கருதினார்.

அம்மை குத்தும் முறை 1802ஆம் ஆண்டு பம்பாயை எட்டி, அதே ஆண்டில் சென்னைக்கும் வந்தது. அதற்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரிக்கவே 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தோன்றியது.

ஆயின் ஜென்னரின் கருத்தைக் காலம் திருத்தியது. குழந்தையாய் இருந்தபோது குத்திக்கொண்டவர்கள் வளர்ந்தபின் நோயுற்றனர். எனவே 1834இல் பிரஷ்யா தன் படைவீரர்க்கு மீண்டும் அம்மை குத்தத் தொடங்கியது. 1874இல் ஜெர்மனி, பன்னிரண்டாம் வயதில் மறுமுறை குத்துவதைச் சட்டமாக்கியது.

இப்பாடத்தை உலகம் மறந்ததன் விலையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவக் கல்லூரியில், பெரியம்மை ஆய்வுக்கூடத்திற்கு மேல்மாடியில் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றியவர் ஜேனட் பார்க்கர். அவர் கடைசியாகத் தடுப்பூசி பெற்றது 1966இல். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1978 செப்டம்பரில் பெரியம்மைக்குப் பலியானார். உலகில் அந்நோயால் மாண்ட கடைசி மனிதர் அவரே.

பெரியம்மை ஒழிந்தது, பாடம் ஒழியவில்லை. சோவியத் ஒன்றியம் சிதைந்த 1990களில் அந்நாடுகளில் தொண்டை அடைப்பான் நோய் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் தாக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள்.

நம் பழனி மலைக்கு வருவோம். வடகவுஞ்சி போன்ற ஊர்களில் மண்வெட்டியும் அரிவாளுமே அன்றாடத் துணை. காயம் படாத உழைப்பாளி அரிது. ரணஜன்னிக் கிருமியோ மண்ணில் உறைவது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஊரார் அனைவரும் ஊசி போட்டுக்கொண்டாலும், போடாத ஒருவருக்கு அதனால் காப்பில்லை. நோயிலிருந்து பிழைத்தவர்க்கும் எதிர்ப்பாற்றல் அமைவதில்லை.

இந்தியத் தடுப்பூசி அட்டவணைப்படி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான தவணை பத்து, பதினாறு வயதுகளில் தரப்படுகிறது. அதன்பின் கருவுற்ற பெண்களுக்கே உண்டு. நிலத்தில் உழைக்கும் ஆணுக்கு, காயம் பட்டாலன்றி யாரும் நினைவூட்டுவதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர் பலர் அறிவுறுத்துகின்றனர்.

ஏரிக்கரையை ஒருமுறை கட்டிவிட்டு நம் முன்னோர் ஓய்ந்துவிடவில்லை. குடிமராமத்து என்று ஆண்டுதோறும் செப்பனிட்டனர். உடலின் காப்பும் அத்தகையதே. இளமையில் ஊசி போடுவித்தது பெற்றோர் கடமை. கடைசியாகப் போட்டது எந்த ஆண்டில் என்று எண்ணிப் பார்த்து, நினைவில்லையெனில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிவது நம் கடமை.