வேலியோரத்துச் செடியும் புகைப்பட வரலாறும்

புகைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் போர்க்களங்களையும் பெருநகரங்களையும் புகழ்பெற்றோர் முகங்களையுமே அதன் பிரதான நெறியாகக் கொண்டுள்ளனர். வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும் வளரும் செடிகொடிகளைப் படம்பிடித்தோர் அவ்வரலாற்றில் ஓய்வுநேர ஆர்வலராகவே இடம்பெறுவர். இக்கணிப்பு மறுபரிசீலனைக்குரியது. அருகிலுள்ள செடியைத் தேர்ந்தோர் அதனைத் தேர்ந்தமைக்கு அழகுணர்ச்சி மாத்திரம் காரணமன்று. அவர்தம் வாழ்நிலையும் தொழிலுமே அத்தேர்வைப் பெரிதும் நிர்ணயித்தன என்பதே இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

இங்கிலாந்தில் லக்கொக் என்னும் ஊரில் தமது இல்லத்திலிருந்தவாறு ஃபொக்ஸ் டல்பொட் 1834 இல் தம் பரிசோதனைகளைத் தொடங்கினார். உப்புநீரிலும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலும் தோய்த்த தாளின்மீது இலையையோ பூவையோ வைத்து வெயிலிற் காட்டுவார். ஒளிபட்ட இடம் கறுக்கும், மறைந்த இடம் வெண்மையாக நிற்கும். அக்காலத் தாளின் மந்தகதிக்கு அசையாது கிடக்கும் தட்டையான பொருளே ஏற்றது. அன்றியும், டல்பொட் தாமே தாவரவியலில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். 1839 இல், தம் கண்டுபிடிப்பு வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட சில வாரங்களிலேயே, தாவரவியலறிஞர் வில்லியம் ஹூக்கருக்குக் கடிதமெழுதி, பிரித்தானியத் தாவரங்கள் பற்றிப் புகைப்படங்களுடன் கூடிய நூலொன்றைக் கூட்டாக வெளியிடலாமா என வினவினார். ஹூக்கர் அனுப்பிய மறுமொழி சுவையானது. மாதிரியாகக் கிடைத்த மணிப்பூவின் படம் பார்வைக்கு அழகாயுள்ளது. ஆயின் பூவின் புடைப்பும், புல்லி வட்டமும், இலை நரம்புகளும் அதிற் தெளிவாகத் தெரியவில்லை என்பதே அதன் சாரம். விஞ்ஞான நோக்கில் இத்தீர்ப்பிற் பிழை காண்பதற்கில்லை. நிழல் காட்டுவது விளிம்பை மட்டுமே.

ஹூக்கர் சுட்டிய குறை எத்தாவரத்துக்குப் பொருந்தாதோ அத்தாவரத்தை எடுத்துக்கொண்டவர் அன்னா அற்கின்ஸ் (1799–1871). கடற்சாதாழைகள் மென்மையானவை; உலர்த்தித் தாளிற் படிய வைக்கத் தக்கவை; அவற்றுட் பல ஒளியை ஊடுருவவிடுவன. எனவே விளிம்பு மட்டுமன்றி உள்ளமைப்பும் ஓரளவு தாளிற் பதியும். 1842 இல் ஜோன் ஹேர்ஷல் கண்ட நீலப்படிவ முறையை அவர் கையாண்டார். இரும்பு உப்புகள் பூசிய தாளில் தாவரத்தை இட்டு, கண்ணாடியால் அமுக்கி, வெயிலில் வைத்துப் பின் நீரிற் கழுவ, நீலப் பரப்பில் வெண்ணுருவம் எஞ்சும். புகைப்படக் கருவியோ வில்லையோ வேண்டியதில்லை. கடலையும் நினைவூட்டும் அந்நீலம் இம்முறையின் இரசாயன விளைவேயன்றி அவர் தேர்ந்த வண்ணமன்று; ஆயினும் பொருளுக்கு இத்துணைப் பொருந்திய வண்ணம் வேறுண்டோ? 1841 இல் வில்லியம் ஹார்வி வெளியிட்ட பிரித்தானிய அல்காக்கள் பற்றிய கைந்நூல் படமின்றியே வந்திருந்தது. அக்குறையை நிரப்பும் பொருட்டு 1843 முதல் பத்தாண்டுகாலம் அற்கின்ஸ் பகுதி பகுதியாகத் தம் நூலை வெளியிட்டார். புகைப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூல் இதுவே எனக் கொள்வர். எழுத்துக்களும் அவர் கையெழுத்தே. அவையும் வெயிலிற் பதிக்கப்பட்டவை.

இவ்வுழைப்பை அவருடைய சமூக நிலையினின்று பிரித்து நோக்குதல் தகாது. அவர் தந்தையார் ஜோன் ஜோர்ஜ் சில்ட்ரன் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் பணிபுரிந்தவர்; அரச கழகத்தின் செயலாளராகவும் விளங்கியவர். அதே அரச கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததோ 1945 இல் தான். ஆய்வுப் பயணங்களும் பதவிகளும் ஆடவர்க்குரியனவாயிருந்த காலத்தில், வீட்டில் வைத்துச் செய்யத்தக்க விஞ்ஞானமாகத் தாவரச் சேகரிப்பே பெண்களுக்கு எஞ்சியது. நூலின் முன்னுரையில் அவர் இட்டது 'ஏ. ஏ.' என்னும் இரு முதலெழுத்துக்களே. அவை 'பெயரறியா ஆர்வலர்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் குறுக்கம் என்று பிற்காலத்தில் ஒருவர் கருதிவிட்டார். மேலே கூறிய 'ஓய்வுநேர ஆர்வலர்' என்ற கணிப்பு ஒரு பெண்ணின் பெயரையே விழுங்கப் பார்த்த வரலாறு இது.

ஜேர்மனியரான கார்ல் புளொஸ்ஃபெல்ட்டின் (1865–1932) நிலை வேறு. இளமையில் இரும்பு வார்ப்பாலையிற் பயின்றவர். பேர்லின் கலைத்தொழிற் பள்ளியில் முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தவர். இரும்பு வேலியிலும் வாயிற்கதவிலும் அலங்காரம் வனையும் மாணவர்க்கு மாதிரியுரு வேண்டும், அதன்பொருட்டே படமெடுத்தார். பூக்கடை மலர்களை அவர் பெரிதும் நாடவில்லை. தெருவோரத்திலும் இருப்புப்பாதைக் கரையிலும் முளைத்த களைகளைக் கொணர்ந்து, வேண்டாத இலைகளைக் கத்தரித்து, வெறும் அட்டையின் முன் நிறுத்தி, தாமே அமைத்த கருவியால் பன்மடங்கு பெருப்பித்தார். சுருண்ட பன்னக் குருத்து ஆயரின் கோலாயிற்று. குதிரைவாற் செடியின் கணு கோபுரமாயிற்று. 1928 இல் 120 படங்களுடன் இவை நூலுருப் பெற்றபோது அவருக்கு வயது அறுபத்துமூன்று. வகுப்பறைச் சாதனமாக இருந்தவை ஒரே ஆண்டிற் கலைப்படைப்புகளாகிவிட்டன. வால்ட்டர் பென்யமின் போன்றோர் அவற்றை விதந்தெழுதினர்.

அமெரிக்கப் பெண்மணி இமோஜன் கனிங்ஹாம் தொழில்முறைப் புகைப்படக்காரர். மூன்று சிறு பிள்ளைகளைப் பராமரிக்க வேண்டியிருந்தமையால் 1920களில் தம் தோட்டத்துச் செடிகளையே பொருளாகக் கொண்டார். அவர் எடுத்த மக்னோலியா மலரின் படம் அக்காலத்துக்குரியது. பிள்ளை அழுதால் எழுந்தோட வேண்டியவருக்குத் தோட்டத்துக்கு அப்பால் உலகமில்லை.

இலங்கையிற் தாவரப் படம் வேறு தேவைகளுக்குட்பட்டே வளர்ந்தது. 1821 இல் அமைந்த பேராதனைத் தாவரவியற் பூங்காவில் ஹார்மனிஸ் டி அல்விஸும் அவருக்குப்பின் அவர் குடும்பத்தாரும் உள்நாட்டுத் தாவரங்களை வரைந்தனர். அவை தூரிகைச் சித்திரங்கள். புகைப்படமோ உல்லாசப் பயணிகளை நோக்கியது. மூங்கிற் புதரும் பனை மர வீதியும் தேயிலை மலையும் அதன் பொருள்களாயின. 1875 இல் இங்கு குடியேறிய புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரூன், தம் களுத்துறை இல்லத்துக்கு 1877 இல் வந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் படமெடுத்தார். தலையிற் குத்தும் தென்னோலைகளின் முன் தம்மை நிறுத்தி வைத்ததை நோர்த் தம் நினைவுக் குறிப்புகளிற் சிறிது நகையோடு எழுதியுள்ளார். உலகமெங்கும் சென்று செடிகளை வரைந்த ஒருவருக்கு, அந்தப் படத்திற் செடி வெறும் பின்னணி.

பின்னணி என்னும் இச்சொல் எம்மவர் வாழ்விலும் பொருளுடையது. எமது குடும்பப் படத்தொகுப்புகளிற் திருமணங்களும் பூப்பு நீராட்டு விழாக்களும் நிறைந்திருக்கும். முற்றத்து மாவையோ வேலிக் கிளுவையையோ அதற்காகவே எடுத்த படம் அரிது. படச்சுருள் விலைகொடுத்து வாங்கப்பட்ட காலத்தில் நாயுருவிக்காக ஒரு படத்தைச் செலவிடுவார் யார்? இன்று கைத்தொலைபேசியால் அத்தடை நீங்கிவிட்டது. ஆயின் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருட் பலர், கால்நூற்றாண்டு கழிந்தபின்னரே தம் காணிகளை மீளக் கண்டனர்; சிலர்க்கு அதுவும் வாய்க்கவில்லை. வளவு காடாகியிருந்தது. வீட்டின் வடபுறத்தே நின்றது நொச்சியா பூவரசா என்று அறிய விரும்பும் பிள்ளைகள், பழைய திருமணப் படமொன்றில் மணமக்களின் தோளுக்குப் பின்னால், கூர்மையின்றித் தெரியும் இலைகளையே உற்றுநோக்க வேண்டியுள்ளது.