மலை மின்சாரம் கரிசலுக்கு வந்த கதை



வெம்பக்கோட்டை என் சொந்த ஊர். பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் கரண்டுக்கு வேலை இல்லை. பகல் வெளிச்சம்தான் விளக்கு. ஆனால் கிணற்று மோட்டாரும், பக்கத்துச் சிவகாசியின் அச்சு இயந்திரங்களும் அது இல்லாமல் ஓடா. எங்கள் வைப்பாற்றில் அருவி கிடையாது. மின்சாரம் மலையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

"அம்புட்டுத் தூரம் வாரதுக்குள்ள கரண்டு பாதி காணாமப் போயிராதா மருமகனே?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி சரியானது. கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பமாகப் போகும் இழப்பு நான்கு மடங்காகும். எனவே, புறப்படும் இடத்தில் டிரான்ஸ்பார்மர் வைத்து அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்துகிறோம். அதே மின்திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்று. இழப்போ நூறில் ஒன்று! சேரும் இடத்தில் இன்னொரு டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தை இறக்கித் தருகிறது.

1891-இல் ஜெர்மனியில் லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 175 கி.மீ. தூரம் இம்முறையில் மின்சாரம் அனுப்பினார்கள். முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா உற்பத்தியைத் தொடங்கியது. 66,000 வோல்ட் கம்பிகள் கோவைக்கு இறங்கின. 1944-இல் தாமிரபரணியின் பாபநாசமும் சேர, தென்மாவட்டங்களுக்கு ஒரு மின்மலை கிடைத்தது. 2021-இல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகலூர் வரை 8 லட்சம் வோல்ட் நேர்மின் பாதை முழுமை பெற்றது. ஓடுவது நேர்மின்னோட்டமே ஆனாலும், இரு முனையிலும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் காரியம் நடக்காது.

ஆயினும் மலையிலிருந்து பத்திரமாக வந்த மின்சாரம் ஊர்க்கோடியில் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். தெருக்கோடி டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்தக் கம்பி வெகுதூரம் வயலுக்குப் போகும். கோடைக்காலத்தில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடினால் கடைசிக் கிணற்றில் வோல்டேஜ் விழும்; காயில் எரியும். காயில் கட்டும் செலவு சம்சாரி தலையில். மலைக்குச் சொன்ன பாடம்தான் இதற்கும் மருந்து: 11,000 வோல்ட் கம்பியை வயல்வரை கொண்டுபோய், நாலைந்து கிணற்றுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். இந்த முறை இன்று நடைமுறையிலும் உண்டு.

மின்பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, பெரிய கோபுரங்களைப் பார்த்து வியந்தது போதும். கடைசிக் கிணற்றில் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒருநாள் அளந்து பாருங்கள். உங்களுக்கான வேலை அங்கே காத்திருக்கிறது.