உயிர்க் காலேஜ்

கள்ளக்குறிச்சியிலிருந்து வண்டலூருக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். விடியுமுன் புறப்பட்டால்தான் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர முடியும். ஒரு கோடை விடுமுறையில், கட்டுச்சோறும் மோரும் எடுத்துக்கொண்டு, பாட்டி முதல் பேரப்பிள்ளைகள்வரை ஒன்பது பேர் ஒரே வேனில் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று ஊர்கள் கழிந்தன. வழியெல்லாம் பிள்ளைகள் ‘வண்டலூர் ஜூ’ என்றார்கள். பாட்டி மட்டும் ‘உயிர்க் காலேஜ்’ என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

புலியையும் சிங்கத்தையும் பார்த்துவிட்டுக் கரடியிடம் வந்தபோது நண்பகல் நெருங்கிவிட்டது. அகழிக்கு அப்பால் மர நிழலில் அது படுத்திருந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையிலும் கரடி உண்டு. மலையிலிருந்து வருகிறவர்கள் அதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோமே தவிர, எங்களில் எவரும் கண்டதில்லை. வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையின் விலங்கைக் காண 200 கிலோமீட்டர் வந்திருக்கிறோம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அப்போது ஏழு வயதுப் பேத்தி கேட்டாள்: “இந்தக் கரடி யாருடையது?”

“கவர்ன்மெண்டோடது” என்றார் ஒருவர். “அதைப் பெத்தவளோடது” என்றார் பாட்டி. பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அதைப் பின்தொடர்ந்து போனதன் விளைவே இக்கட்டுரை.

பாட்டியின் சொல்லிலிருந்தே தொடங்கலாம். சென்னை அருங்காட்சியகம் 1851-இல், கோட்டைக் கல்லூரி என வழங்கிய கட்டடத்தில் தொடங்கப்பட்டது. 1854-இல் எழும்பூருக்கு இடம் மாறிய பின்னும் மக்கள் நாவில் ‘காலேஜ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பதம் செய்த உடல்களும் எலும்புகளும் இருந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. உயிருள்ள விலங்குகள் இருந்த இடம் ‘உயிர்க் காலேஜ்’ ஆயிற்று. இவ்வளவு துல்லியமான வகைப்பாட்டை எந்த அறிஞர் குழுவும் கூடிச் செய்திருக்க முடியாது.

இரண்டுக்கும் மூலவர் ஒருவரே: எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர். அருங்காட்சியகத்தில் சில விலங்குகளை உயிரோடு வைத்திருந்தபோது, அவற்றைக் காணவே கூட்டம் பெருகியதை அவர் கவனித்தார். 1855-இல் எழும்பூர் வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலை உருவாயிற்று. தம்மிடமிருந்த விலங்குகளை அதற்குக் கொடுக்கும்படி கர்நாடக நவாபை அவர் இணங்கச் செய்தார். ஓராண்டுக்குள் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் இருந்தன.

அந்த ஆண்டு குறிப்பிடத்தக்கது. நவாப் குலாம் முகமது கவுஸ் கான் 1855 அக்டோபரில் வாரிசின்றி இறந்தார். நவாப் பட்டத்தைக் கம்பெனி அரசு அத்துடன் ஒழித்துவிட்டது. ஓர் அரச மரபு முடிந்த காலத்தில்தான் அதன் விலங்குகள் பொதுமக்களின் காட்சிக்கு வந்தன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் பாரிஸிலும் இதுவே நடந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் மன்னன் வீழ்ந்ததும், வெர்சாய் அரண்மனையில் எஞ்சியிருந்த விலங்குகள் நகரத்தின் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அரசன் மட்டுமே கண்டு களித்த விலங்கைக் கடைத்தெருக்காரனும் காணலாம் என்றாயிற்று. இது சிறிய மாற்றமன்று. ஆனால் மாறியது பார்ப்பவர்தான். கூண்டு அப்படியே இருந்தது.

அரசனுக்கு விலங்கு சேர்ந்த வழி எது? இதற்கு விடை தேட நாங்கள் தொலைவில் போக வேண்டியிருக்கவில்லை. கல்வராயனுக்கு வடக்கே, தென்பெண்ணைக்கு அப்பால் உள்ள செங்கம்தான் சங்க காலத்தில் நன்னன் ஆண்ட செங்கண்மா. அவனைப் பாடும் மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் ஒன்று, 1889-இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நூல். 583 அடிகள் கொண்ட அப்பாட்டின் பிற்பகுதியில், நன்னனின் அரண்மனை முற்றத்தில் மலைநாட்டார் கொண்டுவந்து குவித்த பொருள்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஆமான் கன்று, யானைக் கன்று, வளைந்த பாதமுடைய கரடிக்குட்டி, வருடைக் கடா, பாம்பை வெல்லும் கீரி, பெரிய செவிகளையுடைய மரைக் கன்று, உடும்பு, மயில், காட்டுச்சேவல். அவற்றோடு பலாப்பழமும் பிறவும். வண்டலூரில் நாங்கள் கண்டவற்றில் எத்தனையோ அந்த முற்றத்தில் ஏற்கெனவே நின்றிருக்கின்றன.

அந்த வரிசையை நிதானமாகப் படித்தால் ஒன்று உறைக்கும். அதில் பெரும் விலங்குகள் எல்லாம் குட்டிகளும் கன்றுகளுமே. வளர்ந்த கரடியை மலையிலிருந்து யாரும் நடத்திக் கொண்டுவர இயலாது அல்லவா? புலவர் பெருங்கௌசிகனார் இதை மறைக்கவுமில்லை. ஆமான் கன்று, தன் கூட்டம் போய்விட, வலிந்து பிடிக்கப்பட்டது என்று சொல்கிறார். மரைக் கன்றைப் பற்றிச் சொல்கையில் புலியின் தாக்குதலை நினைவூட்டுகிறார். அரசனின் வளத்தைப் புகழவந்த பாட்டிலேயே, தாயைப் பிரிந்த கன்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. பாட்டியின் விடை எங்கள் காதில் மறுபடி ஒலித்தது இந்த இடத்தில்தான்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். எழும்பூரிலிருந்த விலங்குகள் 1860-களின் தொடக்கத்தில் மக்கள் பூங்காவுக்குப் போயின. பின்னாளில் மூர் மார்க்கெட்டும் ரிப்பன் கட்டடமும் எழுந்தது அந்தப் பகுதியில்தான். நூறாண்டுக்கும் மேலாக, ரயிலிறங்கிய வெளியூர்க் குடும்பங்கள் உயிர்க் காலேஜைப் பார்த்துவிட்டே ஊர் திரும்பின. நகரம் நெருக்கியதும் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. வண்டலூர்க் காப்புக்காட்டில் 1979-இல் பணி தொடங்கி, 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். பல விலங்குகளுக்குக் கம்பிக் கூண்டு போய் அகழி வந்தது. ஜெர்மனியின் ஹாகன்பெக் 1907-இல் ஹாம்பர்க் அருகே புகழ்பெறச் செய்த முறை அது. 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டுவதை நடுவண் அரசு தடை செய்தது. சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்டவற்றுக்கு அடைக்கலம் தந்த இடங்களில் வண்டலூரும் ஒன்று.

இப்போது பேத்தியின் கேள்விக்குச் சட்டம் தரும் விடையைச் சொல்லலாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிடித்து அடைத்த வனவிலங்கு அரசின் சொத்து. எங்கள் வேனில் வந்தவர் சொன்னது சரிதான். நன்னன் முற்றத்திலிருந்து நவாபின் கொட்டடி வழியாக அரசின் பதிவேடுவரை கரடி கைமாறி வந்திருக்கிறது.

ஆனால் கரடி வாழும் மலை யாருடையது? வண்டலூரில் நிற்கும்போது எங்களுக்குத் தோன்றாத இக்கேள்வி, வீடு திரும்பியபின் தோன்றியது. கல்வராயன் மலை சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாக இருந்தது. கிருஷ்ணதேவராயர் வழங்கிய உரிமை என்பது மரபுவழிச் செய்தி. நவாபின் பட்டம் போனது, கம்பெனி போனது, பிரிட்டிஷ் அரசும் போனது, ஜாகீர் மட்டும் நின்றது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. சென்னைவாசிக்கு நவாபின் புலியைப் பார்க்கும் உரிமை 1855-இல் கிடைத்துவிட்டது. மலையாளி என்னும் பழங்குடியினருக்குத் தாம் உழும் நிலத்தின்மீது ஜாகீரின் பிடி தளர, அதற்குப் பிறகு 121 ஆண்டுகள் ஆயின. அப்போதும் காடு அவர்கள் கைக்கு வந்துவிடவில்லை. வனத்துறையின் கைக்குப் போயிற்று. காட்டில் வாழ்வோருக்கும் அதில் உரிமை உண்டென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பால்ஃபருக்கு இன்னொரு முகமும் உண்டு. மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1849-இலேயே எழுதியவர் அவர். சென்னை மாகாணத்தில் காடுகளைக் காக்கும் எண்ணத்துக்கு அவ்வெழுத்து துணை செய்தது. காட்சிசாலை வைத்தவரே காட்டைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறார். அவர் வழிவந்த இரண்டில் நாம் முன்னதை மட்டும் விடுமுறைக்கு விடுமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். பின்னதோ, கோமுகி அணைக்குத் தண்ணீராக வந்து எங்கள் வயலில் பாய்கிறது. அதற்கு நாங்கள் நுழைவுச்சீட்டு வாங்கியதில்லை.

அன்று இரவு உளுந்தூர்பேட்டையில் மேற்கே திரும்பியபோது பிள்ளைகள் உறங்கிவிட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி நெருங்க, வானத்தைவிடக் கறுப்பாக மலை தெரிந்தது. “அங்கே இருக்கிறதுக்கு யாரு சோறு வைக்கிறாங்க?” என்று பேத்தி அரைத்தூக்கத்தில் கேட்டாள்.

“மலை வைக்கும்” என்றார் பாட்டி. மலை தொடர்ந்து வைக்குமா என்பது மட்டும் எங்களையும் பொறுத்தது என்று, பிறகு அவளிடம் சொல்ல வேண்டும்.