தஞ்சாவூர் நாகவல்லி முதல் வங்கத்து மஞ்சுலிகா வரை: 30 ஆண்டுகளாகத் தொடரும் ஒரு பேய்க்கதை

கொல்கத்தா: இந்தியத் திரையில் மிக நீண்ட காலமாக நீடித்துவரும் பேய்க்கதைகளுள் ஒன்று, 1993 டிசம்பரில் மலையாளத்தில் வெளியான 'மணிச்சித்ரத்தாழ்' திரைப்படத்திலிருந்து தொடங்குகிறது. கன்னடம், தமிழ், வங்காளம், இந்தி ஆகிய மொழிகளில் மறுஆக்கம் செய்யப்பட்ட அக்கதைக்குப் பின்னாளில் பல மொழிகளில் தொடர்ச்சிப் படங்களும் வந்தன. 2024 நவம்பர் 1 அன்று வெளியான 'பூல் புலையா 3' அதனை கொல்கத்தாவுக்கும் வங்கத்தில் அமைந்த ஒரு கற்பனை அரண்மனைக்கும் கொண்டுவந்தது.

தமிழ் ரசிகர்களுக்கு இக்கதை 'சந்திரமுகி' என்ற பெயரில்தான் நெருக்கமானது. ஆயினும் இதற்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள தொடர்பு மூலக்கதையிலேயே இருக்கிறது. மலையாளப் படத்தில் நகுலனும் அவன் மனைவி கங்காவும் அன்றைய கல்கத்தாவிலிருந்துதான் மாடம்பள்ளி என்னும் பூர்விக வீட்டுக்கு வருகின்றனர். கங்காவின் மனநோய்க்கு மருத்துவர் கூறும் காரணத்திலும் அந்நகரம் இடம்பெறுகிறது. பெற்றோர் கல்கத்தாவில் வாழ, கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்த சிறுமி அவள். அவளைத் தங்களுடன் அழைத்துச் செல்லப் பெற்றோர் திடீரென வந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியே நோயின் வேர் என்கிறது படம்.

பாசில் இயக்கிய அப்படத்துக்கு மது முட்டம் திரைக்கதை எழுதினார். ஆலப்புழை மாவட்டத்தின் ஆலும்மூட்டில் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு துயரச் சம்பவமே கதைக்கு அடிப்படை. படப்பிடிப்பின் ஒரு பகுதி பத்மநாபபுரம் அரண்மனையில் நடைபெற்றது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள கட்டடம் அது. இரு மாநிலங்களுக்கும் பொதுவான அந்த அரண்மனை, இக்கதைக்கு வேறெந்த இடத்தையும் விடப் பொருத்தமானது.

காரணம், நாகவல்லி மலையாளி அல்லள். தஞ்சாவூரிலிருந்து சங்கரன் தம்பி என்ற பிரபு கொண்டுவந்த தமிழ் நடன மங்கை. எதிர் வீட்டில் வசித்த நடனக் கலைஞனைக் காதலித்ததற்காக துர்காஷ்டமி இரவில் கொல்லப்பட்டவள். கங்கா தன்னை நாகவல்லியாக உணரும் தருணங்களில் அவள் வாயிலிருந்து வருவது தமிழ். இறுதி நடனப் பாடலின் தமிழ் வரிகளைக் கவிஞர் வாலி எழுதினார். கங்காவுக்கு ஒருவரும் நாகவல்லிக்கு வேறொருவருமாக இரு பின்னணிக் குரல் கலைஞர்கள் பேசினர். நாகவல்லிக்குக் குரல் கொடுத்தவர் தமிழ்க் கலைஞர் துர்கா என்ற செய்தி பல ஆண்டுகளுக்குப் பின்னரே பரவலாகத் தெரியவந்தது. இவ்வேடத்துக்காக ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார்.

மறுஆக்கங்கள் அனைத்திலும் கவனிக்கத்தக்கது இந்த மொழி மாற்றமே. பி.வாசு 2004-இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வை இயக்கியபோது நாகவல்லி தெலுங்கு பேசினாள். அதில் நடித்த சௌந்தர்யா, படம் வெளியாவதற்கு முன்பே அவ்வாண்டு ஏப்ரலில் விமான விபத்தில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று, ரஜினிகாந்த், ஜோதிகா, பிரபு நடிப்பில் அதே இயக்குநரின் 'சந்திரமுகி' வெளியானது. கேரளத்தில் தமிழச்சியாக இருந்த பேய், தமிழகத்தில் ஆந்திரத்து விஜயநகரத்தைச் சேர்ந்தவளாக மாறிவிட்டாள். சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கும் மேல் ஓடிய அப்படத்தில், ஜோதிகா தெலுங்கில் சீறும் காட்சிகளின் பொருள் பார்வையாளர்களில் பலருக்கு முழுமையாக விளங்கியிருக்காது. அந்த அரைகுறைப் புரிதலே அச்சத்தைக் கூட்டியது எனலாம். முற்றிலும் அந்நியமான மொழியாக இருந்தால் அது வெறும் ஓசையாகிவிடும். அண்டை வீட்டு மொழியில் பாதி புரிகிறது, மீதி இருட்டாக இருக்கிறது.

அதே 2005-இல் கொல்கத்தாவின் வங்காளத் திரையுலகமும் ஸ்வபன் சாஹா இயக்கத்தில், பிரசென்ஜித் சட்டர்ஜி நடிக்க, 'ராஜ்மஹல்' என்ற பெயரில் இக்கதையைப் படமாக்கியது. வங்கத்துக்கு வெளியே அது அதிகம் அறியப்படவில்லை.

இந்தியில் 2007 அக்டோபர் 12 அன்று 'பூல் புலையா' வெளிவந்தது. மூலப்படத்தின் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவில் பணியாற்றிய பிரியதர்ஷனே இதை இயக்கினார். இங்கே பேய் வங்காளியானாள். அவள் பெயர் மஞ்சுலிகா. அவ்வேடத்தை ஏற்ற வித்யா பாலன், மும்பையில் பிறந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். எனினும் அவரது முதல் திரைப்படம் 2003-இல் வெளியான 'பாலோ தேகோ' என்ற வங்காளப் படமாகும். இறுதி நடனப் பாடலுக்கு கொல்கத்தாவில் பிறந்த பிரீதம் இசையமைக்க, வங்கத்தைச் சேர்ந்த ஸ்ரேயா கோஷல், எம்.ஜி.ஸ்ரீகுமாருடன் இணைந்து பாடினார். ஸ்ரீகுமார், மலையாள மூலப்படத்தின் பாடல்களுக்கு இசையமைத்த எம்.ஜி.ராதாகிருஷ்ணனின் தம்பி.

இக்கதையின் நீடித்த ஈர்ப்புக்கு மற்றொரு காரணமும் உண்டு. முடிவில் மனநல மருத்துவரும் மாந்திரீகரும் கைகோத்தே நோயாளியைக் காப்பாற்றுகின்றனர். பேயை நம்புவோரும் நம்பாதோரும் ஒரே திரையரங்கிலிருந்து நிறைவுடன் வெளியேற இது வழிசெய்தது. தொடர்ச்சிப் படங்கள் பல இந்தச் சமநிலையைக் கைவிட்டன. அனீஸ் பாஸ்மி இயக்கத்தில் 2022 மே மாதம் வெளியான 'பூல் புலையா 2'-இல் நோய் இல்லை, உண்மையான ஆவியே இருக்கிறது. தபு இரட்டைச் சகோதரிகளாக நடித்த அப்படம் வசூலில் வென்றது. ஆனால் சூனியம் செய்யும் வங்காளப் பெண் என்ற சித்திரத்தையும் அது மேலும் அழுத்தமாக்கியது.

அச்சித்திரம் திரையோடு நிற்பதில்லை. 2020-இல் மும்பையில் ஓர் இளம் நடிகரின் மரணத்தையொட்டி, வங்காளப் பெண்கள் சூனியத்தால் ஆண்களை வசப்படுத்துவார்கள் என்ற வசைகள் சமூக ஊடகங்களில் பெருகின. அவதூறுக்கு ஆளான பெண்கள் கொல்கத்தா காவல்துறையில் புகார் அளிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. திரைப்படங்களே இதற்குக் காரணம் என்று கூற இயலாது. காமரூபம், வங்கம் குறித்த மாந்திரீகக் கதைகள் சினிமாவுக்கு மிக முற்பட்டவை. ஆனால் அக்கதைகளுக்கு ஒரு முகத்தையும், சிவந்த விழிகளையும், வங்காள உச்சரிப்பையும் தந்தவள் மஞ்சுலிகாதான்.

வங்காளிகளின் சொந்தப் பேய்களோ வேறு வகையினர். மீனுக்கு அலையும் மேச்சோ பூத், சங்கு வளையல் அணிந்த ஷாக்சுன்னி, பிராமண ஆவியான பிரம்மதைத்யன் என அவற்றுக்குக் குணமும் குலமும் உண்டு. சத்யஜித் ராய் 1969-இல் இயக்கிய 'கூபி காயின் பாகா பாயின்' படத்தில் பேயரசன் பாமர இசைக் கலைஞர் இருவருக்கு வரமளிக்கிறான். அனிக் தத்தாவின் 'பூதேர் பவிஷ்யத்' (2012) படத்தில் ஆவிகள் தங்கள் பழைய மாளிகையைக் கட்டுமான நிறுவனத்திடமிருந்து காக்கப் போராடுகின்றன. உண்மையில் அஞ்சத்தக்கது 'நிஷி'. இரவில் நெருங்கிய உறவினரின் குரலில் பெயர் சொல்லி அழைக்கும் என்பதால், மூன்று முறை அழைக்கும் வரை பதில் தரக்கூடாது என்பது கிராமத்து நம்பிக்கை. அங்கே அச்சம் அயல்மொழியில் வருவதில்லை. வீட்டுக் குரலிலேயே வருகிறது.

எனவே, கதைக்களம் வங்கத்துக்கே மாறிய மூன்றாம் பாகத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. ஊரார் அனைவரும் வங்காளிகளாக இருக்கும் இடத்தில் வங்காளம் பேசும் பேய் எப்படி அந்நியமாகும்? கார்த்திக் ஆர்யன், வித்யா பாலன், மாதுரி தீட்சித், திரிப்தி திம்ரி நடித்த அப்படம் இதற்குக் கண்ட விடை எதிர்பாராதது. மஞ்சுலிகாவாக உலவும் ஆவி வெளியூர் நடன மங்கை அல்ல. அரச குடும்பத்திலேயே பிறந்து, பெண் வேடமிட்டு நடனமாடியதற்காகத் தந்தையின் ஆணையால் எரிக்கப்பட்ட இளவரசன். பெரும்பாலும் நகைச்சுவையை நம்பி நகரும் படத்தில் இத்திருப்பத்துக்குக் கிடைத்த நேரம் குறைவு. இருப்பினும், கதையின் 31 ஆண்டு வரலாற்றில் பேயை வீட்டுப் பிள்ளையாக்கியதே அதன் பெரிய மாற்றமாகும்.

காளி பூஜைக்கு முந்தைய இரவை வங்காளிகள் 'பூத் சதுர்தசி' என அழைத்து, முன்னோர்களுக்காக 14 விளக்குகள் ஏற்றி, 14 வகைக் கீரை உண்பர். 2024-இல் அது முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ மஞ்சுலிகா கொல்கத்தாவின் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்தாள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆகஸ்ட் 17 அன்று, 'மணிச்சித்ரத்தாழ்' 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்திருந்தது.