விமான ஆசனத் தடுப்பு

விமான ஆசனத் தடுப்பு என்பது, பிரயாணிகள் தங்கள் இடத்தை முன்கூட்டியே தெரிந்தெடுத்துக்கொள்ளும் வசதிக்கு உட்படுத்தாமல், சில ஆசனங்களை விமான நிறுவனம் தன் வசம் நிறுத்தி வைத்துக்கொள்ளும் வழக்கமாகும். இத்துறையில் இருப்போர் இதை ‘சீட் பிளாக்’ என்பர். டிக்கெட் எடுத்த கையோடு ஆசன வரைபடத்தைத் திறந்து பார்ப்பவருக்கு, சாம்பல் நிறத்திலோ குறுக்குக்கோடு இட்டோ காட்டப்படும் கட்டங்களெல்லாம் யாரோ முந்திக்கொண்ட இடங்களாகவே தோன்றும். ஆனால் அவற்றுள் ஒரு பகுதியே உண்மையில் எடுக்கப்பட்டவை, மற்றவை ஒருவருக்கும் கொடுக்கப்படாமல் பூட்டிக் கிடப்பவை. டிக்கெட் என்பது அந்த விமானத்தில் பிரயாணம் செய்வதற்கான உரிமையே அன்றி இன்ன ஆசனத்தில்தான் அமர்வேன் என்பதற்கான உரிமை அன்று என்ற பேதமே இவ்வழக்கத்துக்கு ஆதாரம்.

இதற்குரிய நியாயங்களுள் தலையாயது, தேக நிலையின் காரணமாகக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டுமே அமரக்கூடியவர்களின் தேவை. அமெரிக்காவில் 1986-இல் இயற்றப்பட்ட விமானப் பயண அணுகல் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், முன்கூட்டியே ஆசனம் ஒதுக்கும் நிறுவனங்கள் இரண்டு முறைகளுள் ஒன்றைக் கைக்கொள்ள வேண்டும் என்கின்றன: இத்தகையோருக்குப் போதிய ஆசனங்களைப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை பிறருக்குக் கொடாமல் நிறுத்தி வைப்பது ஒன்று, பிறருக்கு ஒதுக்கினாலும், தேவையுள்ளவர் வந்தால் விட்டுக்கொடுக்க நேரும் என்று முன்னறிவித்தே ஒதுக்குவது மற்றொன்று. இந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம். மூன்று மூன்றாக ஆசனங்கள் அமைந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தில், இடது முழங்கால் மடங்காத ஒருவர் காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால், நடைபாதை அவருடைய இடப்பக்கமே இருக்க வேண்டும். ஆகவே அவருக்கு உதவுவது ‘டி’ ஆசனமே, ‘சி’ ஆசனம் அன்று. நடைபாதை ஓரமாகப் பத்து இடங்கள் காலியாக இருந்தும் அவை யாவும் ‘சி’ ஆசனங்களாகவே அமைந்துவிட்டால், அவருக்கு அவற்றால் பயனில்லை.

கைக்குழந்தைகளின் விஷயம் இதற்கு அடுத்தது. தொட்டில் மாட்டுவதற்கான பொருத்து, தடுப்புச்சுவரை ஒட்டிய முன்வரிசைகளில் மட்டுமே இருப்பதால், அவ்வரிசைகள் கடைசி வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன. பிராணவாயு முகமூடிகளின் எண்ணிக்கையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அமெரிக்க வடிவமைப்பு விதிப்படி முகமூடிகளின் மொத்தத் தொகை ஆசனங்களின் தொகையைவிட நூற்றுக்குப் பத்தாவது மிகுந்திருக்க வேண்டும். மூன்று ஆசனங்களின் தலைக்கு மேல் நான்கு முகமூடிகள் இருக்குமானால், அந்த மூவரிடையே மடிக்குழந்தை ஒன்றுக்கே இடமுண்டு. இரண்டாவது குழந்தையை ஏந்தி வருபவர், பக்கத்து ஆசனம் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் கண்டும், வேறு வரிசைக்குத்தான் அனுப்பப்படுவார்.

அபாயகால வாசலை ஒட்டிய வரிசையில், அவ்வாசலைத் திறக்கத்தக்க வலிமையும் வயதும் உள்ளவர்களே அமரலாம் என்பதால், அமர்பவரை நேரில் பார்த்த பிறகே சில நிறுவனங்கள் அவ்விடத்தை ஒதுக்குகின்றன.

பிரயாணிகள் அதிகம் எண்ணிப்பாராத காரணம், விமானத்தின் சமநிலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தில் சுமார் 78 பேர் அமரலாம். வால்பக்க வாசல் வழியாகவே அவர்கள் ஏறுகிறார்கள். தரையில் நிற்கும்போது பின்பாரம் மிகுந்து மூக்கு மேலே தூக்கிக்கொள்ளாதபடி வாலின் அடியில் தாங்குகோல் ஒன்று வைப்பதும் உண்டு. இத்தகைய விமானத்தில் முப்பது பேரே ஏறும் நாளில், அனைவரும் தம் விருப்பப்படி பின்வரிசைகளிலேயே கூடிவிட்டால், புவியீர்ப்பு மையம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் நில்லாது. புறப்பாட்டுக்கு முன் ‘லோட் ஷீட்’ என்னும் பாரக்கணக்கைத் தயாரிப்பவர், பெட்டிகளும் சரக்கும் எரிபொருளும் மனிதரும் எங்கெங்கே எவ்வளவு என்று கணக்கிட்டு, சில வரிசைகளை வெறுமையாக விடச் சொல்வது இதன் பொருட்டே.

நெடுந்தூரப் பிரயாணத்தில் விமானச் சிப்பந்திகளின் ஓய்வுக்கென்றும், கச்சைவார் பழுதுபட்டதனாலும், புறப்படும் தறுவாயில் சிறிய விமானம் மாற்றி அனுப்பப்பட்டால் ஈடுகட்டுவதற்கென்றும் சில ஆசனங்கள் நிறுத்தப்படுவது சாதாரணம். 2020-இல் பெருந்தொற்றின்போது இது புதியதொரு கோலம் கொண்டது: இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், இயன்றவரை நடு ஆசனத்தைக் காலியாக விடுமாறு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது, அமெரிக்காவின் டெல்டா நிறுவனமோ நடு ஆசனங்களை 2021 ஏப்ரல் இறுதி வரை அடைத்தே வைத்திருந்தது.

இவை யாவும் பிரயாணியின் க்ஷேமத்தை உத்தேசித்தவை. வியாபார நோக்கோடு செய்யப்படும் தடுப்பை இவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணலாகாது. அடிக்கடி பறப்பவர்களுக்கும் அதிகக் கட்டணம் செலுத்துவோருக்கும் முன்வரிசைகளை ஒதுக்கி வைப்பது பழைய வழக்கம். விருப்ப ஆசனத்துக்குத் தனிக்கட்டணம் வாங்க இந்தியாவில் 2013-இல் அனுமதி கிடைத்த பிறகு, இலவசமாகத் தெரிந்தெடுக்கத்தக்க இடங்கள் குறைவாகவே காட்டப்படும் நிலை இங்கும் வந்தது. நிறுவனம் தன் ஆசனங்களுக்கு விலை வைப்பது குற்றமன்று. நடக்க இயலாதவருக்காகப் பூட்டிய கட்டமும், விலை ஏறட்டும் என்று பூட்டிய கட்டமும் திரையில் ஒரே சாம்பல் நிறத்தில் காட்டப்படுவதே தவறு. குழந்தையைப் பிரிந்து உட்கார நேருமோ என்று அஞ்சிப் பணம் கட்டும் தாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாதபடி மறைக்கப்படுவது நியாயமாகாது. 12 வயது வரையுள்ள குழந்தைகளை, அதே பதிவில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலருள் ஒருவரின் அருகிலேனும் அமர்த்த வேண்டும் என்று மேற்கூறிய இயக்ககம் 2024 ஏப்ரலில் பணித்தது அந்த அச்சத்துக்கு ஓரளவு பரிகாரமாயிற்று.

தடுக்கப்பட்ட ஆசனங்கள் ஒரே சமயத்தில் விடுவிக்கப்படுவதில்லை. புறப்பாட்டுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாக வெப் செக்-இன் தொடங்கும்போது ஒரு பகுதி திறக்கிறது. மற்றொரு பகுதி விமான நிலையக் கவுண்ட்டரில் இருப்பவரின் அதிகாரத்துக்கே விடப்படுகிறது. இறுதியில் எஞ்சும் இரண்டொரு இடங்களோ, போர்டிங் கேட்டில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் கையிலுள்ள போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு வேறு எண்ணிட்ட சீட்டைக் கொடுக்கும் அந்தக் கடைசி நிமிஷங்களில்தான் தீர்மானமாகின்றன.