இடைவேளையில் யார் முன்னால்?

தொண்ணூறுகளில் ஜொகூரின் செனாய் கடைத்தெருவில் பந்து பார்க்க உட்காரும் சிலர் முழு ஆட்டத்துக்கும் இருக்கமாட்டார்கள். ஹாஃப் டைம் விசில் ஊதியதும் கோப்பியை முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அவர்கள் பணம் முதல் நாற்பத்தைந்து நிமிடத்தின் மேல் இருந்தது. இடைவேளையில் எந்த அணி முன்னால் நிற்கிறது என்பதோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சிகரெட் பெட்டி அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக் காட்டித்தான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. பலமான அணி எதிரணிக்கு அரை கோல் 'கொடுக்கும்'. இடைவேளையில் 0-0 என்றால், பலமான அணியின் மேல் 100 வெள்ளி கட்டியவனுக்கு நூறும் போச்சு. கால் கோல்தான் கொடுத்தது என்றால் அதே 0-0க்கு ஐம்பது மட்டும் போகும். ரசீது கிடையாது, வாய்ச்சொல்லும் தொலைபேசியும்தான். 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டப்படி இது குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே நடந்தது.

அதே காலத்தில்தான் ஜொகூர் பந்தின் பொற்காலமும். 1991இல் லீக் கிண்ணம், மலேசியக் கிண்ணம் இரண்டையும் ஜொகூர் ஒரே ஆண்டில் வென்றது. லார்க்கின் அரங்குக்குத் தோட்டத்து இளைஞர்கள் லாரி பிடித்துப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் கத்தியிருக்கிறேன். பந்தயம் கட்டாத ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஆட்டம் சொந்தமாக இருந்தது. அதனால்தான் அடுத்து நடந்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1994இல் வெடித்தது. சிங்கப்பூருக்கு ஆடிய செக் நாட்டு வீரர் மிஹால் வானா, ஆட்டத்தை விலைபேசிய வழக்கில் ஜாமீனில் இருந்தபோதே தப்பி ஓடினார். அந்த டிசம்பரில் ஷா ஆலாமில் பகாங்கை 4-0 என்று வீழ்த்திக் கிண்ணம் எடுத்த சிங்கப்பூர், மறு ஆண்டு மலேசிய லீக்கில் இல்லை. இறுதியாட்டத்தில் மூன்று கோல் போட்ட அப்பாஸ் சாட், ஆட்டங்களை விலைபேசிய குற்றத்துக்காக 1995இல் தண்டிக்கப்பட்டார். இந்தப் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களைப் போலீஸ் விசாரித்தது. பலர் தடை செய்யப்பட்டார்கள், சிலர் வேறு மாவட்டத்துக்கே அனுப்பப்பட்டார்கள். நேற்றுவரை நாங்கள் தோளில் தூக்கிய பெயர்கள் அவை.

இடைவேளைப் பந்தயத்தின் ஆபத்து இங்கேதான். வீரன் ஆட்டத்தைத் தோற்க வேண்டியதில்லை. முதல் பாதியில் ஒரு பந்தை விட்டுக்கொடுத்தால் போதும். இரண்டாம் பாதியில் உயிரைக் கொடுத்து ஆடி ஜெயிக்கலாம். அணி வென்றுவிட்ட பிறகு யார் அவனைச் சந்தேகிப்பார்கள்? 'தோற்கச் சொல்லவில்லையே' என்று அவன் தன் மனசையே சமாதானப்படுத்திக்கொள்ளவும் அது வழிவிட்டது.

இந்த வட்டாரத்துக் கணக்கு இங்கிலாந்து வரை போனது. இடைவேளை தாண்டிய பிறகு ஆட்டம் நின்றுபோனால், அப்போதைய கோல் நிலைப்படியே பணம் பட்டுவாடா என்பது ஆசியப் புக்கிகளின் வழக்கம். 1997 நவம்பரில் வெஸ்ட் ஹாம், கிறிஸ்டல் பேலஸ் ஆட்டம் 2-2 என்று இருந்தபோது விளக்குகள் அணைந்தன. டிசம்பரில் விம்பிள்டன், ஆர்சனல் ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கியதுமே அணைந்தன. 1999 பிப்ரவரியில் சார்ல்டன் அரங்கில் பந்தயத்துக்காக விளக்கை அணைக்கத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டவர் அரங்கின் காவலாளி. தண்டிக்கப்பட்டவர்களில் இருவர் மலேசியர். ஒன்றரை மணி நேர ஆட்டத்தை ஒரு சுவிட்சுக்குள் அடக்கிவிட்டார்கள்.

2010 உலகக் கிண்ணத்துக்கு முன் விளையாட்டுப் பந்தயத்துக்கு உரிமம் தரப் புத்ராஜெயா முன்வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. எதிர்த்தவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும் காரணம் இருந்தது. உரிமம் வந்தால் கோப்பிக் கடைக் கணக்கு நின்றுவிடும் என்று மட்டும் நான் நம்பவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் பூல்ஸ் சட்டப்படியே பந்துக்குப் பந்தயம் வாங்குகிறது. அங்கே அதற்குப் பிறகும் கள்ளப் புக்கிகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2012இல் நெகிரி செம்பிலான் இளையர் அணியில் 18 பேருக்கு ஆட்டத்தை விற்றதற்காக இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை தடை. பயிற்றுநருக்கு ஆயுள் தடை. அந்த வீரர்கள் எல்லாரும் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் லீக்கில் ஆடிய பையன்கள். அந்த வயதில் ஐந்து ஆண்டு உட்கார வைத்தால் பந்துக்காரனாக அவன் கதை முடிந்தது. பணத்தை நீட்டியவனுக்கு அப்படி இழக்க எதுவும் இல்லை. அவனைத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும்.