சாட்சியே குற்றவாளியான கதை: லியோ கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையை மறுபடி படித்தல்

1969இல் அமெரிக்காவில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் பேசிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், தம் எழுத்துக்குத் தாமே ஒரு உரை வகுத்தார். முதல் கட்டுரையிலிருந்து கடைசிக் கட்டுரைவரை ஆட்டிசம் பிறவியிலேயே அமைவது என்றுதான் சொல்லிவந்ததாகவும், பெற்றோரின் குணங்களைத் தாம் விவரித்ததைப் பிறர் பழியாகத் திரித்துவிட்டதாகவும் கூறினார். கூடியிருந்தவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகவும் அறிவித்தார். வளர்ப்புக் கோளாறால் பிள்ளையைக் கெடுத்தவள் என்ற பட்டத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்த தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலின் மதிப்பை இக்கட்டுரை குறைக்க வரவில்லை. ஆனால் கானரைக் கானரே படித்த அந்தப் படிப்பு, வரலாறாக ஏற்கத்தக்கதல்ல. அவருக்காக வாதாடுவோர் இன்றும் அதையே எடுத்தாள்வதால் அதைச் சற்று விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

1943ஆம் ஆண்டுக் கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. அதன் முடிவில் இவர்கள் பிறவியிலேயே பிறரோடு உணர்வால் ஒட்ட இயலாதவர்கள் என்ற கருத்து இருப்பது உண்மைதான். அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் சிக்கல். முதல் சிறுவன் 1938 அக்டோபரில் கானரிடம் பால்டிமோருக்கு வருமுன்பே அவன் தந்தை 33 பக்கத் தட்டச்சுக் குறிப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். அதைப் பற்றி ஒரே வாக்கியத்தில் கானர் இரண்டு தீர்ப்புகள் சொல்கிறார்: அளவுக்கு மீறித் துருவித் துருவி எழுதப்பட்டது; ஆனாலும் பையனின் பின்னணியை மிகச் சிறப்பாகத் தருவது. கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு வரும்போது இரண்டாவது தீர்ப்பு காணாமல் போகிறது. பிள்ளைகள் பிரெஸ்பிட்டேரியன் ஞானோபதேசத்தில் 25 வினாவிடைகளை ஒப்பித்தது, 37 மழலைப் பாடல்களைப் பாடியது, 18 சிம்பொனிகளைப் பிரித்தறிந்தது ஆகியவற்றை ஆண்டுகள் கழித்தும் எண்ணிக்கை பிசகாமல் பெற்றோர் நினைவில் வைத்திருந்தார்கள். அதுவே அவர்களுடைய இயல்பு மீறிய பிடிவாதத் துல்லியத்துக்குச் சான்றாக அடுக்கப்படுகிறது. ஆட்டிசம் என்ற நிலைக்கு முதன்முதலில் உருவம் தந்த விவரங்களில் கணிசமானவை இந்தப் பெற்றோர் குறித்துவைத்தவை. சாட்சி சொன்னவரையே சந்தேகத்துக்குரியவராக நிறுத்தும் வேலை அவருடைய 1949ஆம் ஆண்டுக் கட்டுரையில் அல்ல, 1943லேயே தொடங்கிவிட்டது என்பதே என் வாதம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உணர்ச்சிக் கனிவு குறைந்தவர்கள், மனிதரைவிட அறிவியலிலும் கலையிலும் ஈடுபாடு கொண்டவர்கள் என்று கானர் சொல்லும் பட்டியலில் பெற்றோரோடு பாட்டன் பாட்டிகளும் பிற உறவினரும் இடம்பெறுகிறார்கள். பிள்ளையை வளர்க்காத ஒருவருடைய குணம் வளர்ப்பைப் பற்றிய வாதத்துக்கு உதவாது. அது மரபுவழியைத்தான் சுட்டும். இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். பெற்றோரின் ஆளுமையைப் பரம்பரையின் தடயமாகவும் படிக்கலாம், வளர்ப்பின் கோளாறாகவும் படிக்கலாம் என்ற இரு வழியையும் அந்தக் கட்டுரை திறந்தே வைத்திருந்தது. மறுபாதியைக் கானரின் சொல்லாட்சியே தடுக்கிறது. நோய்த்தோற்றம் முழுவதற்கும் பெற்றோர் உறவு மட்டுமே காரணம் என்பது கடினம் என்கிறார். 'முழுவதற்கும்', 'மட்டுமே' என்ற இரண்டு வேலிகளுக்கு வெளியே ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சம் பிறகு வளர்ந்தது. 1949இல் அவர் எழுதியதில், பனி கரையாத குளிர்பெட்டிக்குள் நேர்த்தியாக வைக்கப்பட்ட பிள்ளைகள் என்ற உவமை வருகிறது. 1956இல் லியோன் ஐசன்பர்க்குடன் எழுதியபோது, வீட்டின் உணர்ச்சிச் சூழல் நோய் உருவாவதில் பங்கு வகிக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது என்றார். இதைப் 'பிறவி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்க முடியாது. பெற்றோரைக் குற்றம்சாட்டிய பழி முழுவதையும் புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் எழுதிய நூலின் தலையில் கட்டுவோர் இந்த இரு கட்டுரைகளைத் தாண்டிக் குதிக்கிறார்கள். இத்தனைக்கும் 1941இல் தாய்மாருக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதியவர் கானர். எட்டு ஆண்டுகளுக்குள் தொனி ஏன் இப்படி மாறியது? அன்றைய அமெரிக்க மனநல மருத்துவத்தில் உளப்பகுப்பாய்வு பெற்றிருந்த செல்வாக்கே காரணம் என்று ஊகிக்கிறேன். எந்த ஆண்டில் மாறியது என்பதை அச்சான கட்டுரைகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை.

பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் வளர்ப்பே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொள்கையை எதிர்த்து எழுதிய நூலுக்குக் கானரே முன்னுரை தந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒருகரு இரட்டையர் 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இணைகள் பத்தில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எண்ணிக்கை சிறியதுதான், ஆயினும் 1943ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த பாட்டன் பாட்டிகளுக்கு அது புதுப் பொருள் தருகிறது. ஆனால் அந்தக் குடும்பங்களின் ஆளுமை பற்றிய வருணனையையே எவ்வளவு நம்பலாம்? பதினொன்றில் மூன்று தவிர மற்ற குடும்பங்கள் எல்லாம் பிரமுகர் அகராதியிலோ அறிவியலாளர் அகராதியிலோ இடம்பெற்றவை என்று கானரே குறிப்பிடுகிறார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைத் தேடிப் பிடித்துப் பிள்ளையைக் கொண்டுவரவும், பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதவும் முடிந்தவர்கள் அவர்கள். அப்படி எழுதத் தெரியாத வீட்டுப் பிள்ளை அந்தப் பதினொன்றில் இடம்பிடித்திருப்பது கடினம்.